ஏழாம் ஆளுக்கு விழுந்த கைதட்டல்

காலாட்படை டிவிஷன் தன் சிறந்த வீரர்கள் பன்னிரண்டு பேரைக் கௌரவித்த அன்று, காலை பத்து இருபதுக்கு ஏழாவது ஆளுக்காக எழுந்த கைதட்டல் பத்தொன்பது வருடம் ஓயவில்லை. அவருக்கு முன்னால் பதக்கம் வாங்கிய ஆறு பேருக்கும் ஆளுக்கு அரை நிமிடம் தட்டினார்கள், நிறுத்தினார்கள். ஏழாவது ஆளுக்கும் அப்படித்தான் தட்டினார்கள், அப்படித்தான் நிறுத்தினார்கள். கைகளெல்லாம் மடிக்குத் திரும்பிவிட்டன, ஓசை மட்டும் திரும்பவில்லை. ஜெனரல், போதும் என்பதுபோல் கையை உயர்த்திப் பார்த்தார். பிறகு பாண்டு மாஸ்டரைப் பார்த்தார். பாண்டு மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மொத்தம் முந்நூற்று நாற்பது ஜோடிக் கைகள், அதில் ஒரு ஜோடி தாளம் தப்பித் தட்டுகிறது, அது எங்கள் ஆள் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். எட்டாவது ஆளிலிருந்து பன்னிரண்டாவது ஆள்வரை எல்லாரும் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே பதக்கம் வாங்கிக்கொண்டார்கள். தங்களுக்கு விழுந்தது எவ்வளவு, பக்கத்து ஆளுக்கு விழுந்ததில் வழிந்தது எவ்வளவு என்று அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஏழாவது ஆள் சிக்னல் பிரிவில் கம்பி இழுக்கிறவர். தோளில் கம்பிச் சுருளை மாட்டிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் நடந்து, பின்னாலிருக்கும் அதிகாரிகளையும் முன்னாலிருக்கும் காவல் குழிகளையும் டெலிபோனால் இணைப்பது அவர் வேலை. கம்பிக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். படையில் கம்பி நீட்டினவனுக்குத் தண்டனைதான் கிடைக்கும், கம்பி நீட்டிப் பதக்கம் வாங்கினவன் இவன் ஒருத்தன்தான் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். மேடையில் படித்த பாராட்டுரை இப்படிச் சொன்னது: எல்லைச் சண்டையின் நான்காம் நாள், குண்டுமழைக்கு நடுவே வெட்டவெளியில் ஐந்து முறை தன்னந்தனியாக ஓடி, அறுந்த கம்பியை ஐந்து முறையும் இணைத்து, முன்னணியிலிருந்து வந்த தகவல் தடைபடாமல் காத்து, நாற்பத்து மூன்று பேரின் உயிரைக் காப்பாற்றினார். அவ்வளவும் உண்மை. ஓடியது உண்மை, ஐந்து உண்மை, நாற்பத்து மூன்றும் உண்மை. எதற்காக ஓடினார் என்பது மட்டும் அதில் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை.

கைதட்டல் அவரோடு மைதானத்தை விட்டு வெளியே வந்தது. வாசலில் காவலுக்கு நின்றவன் அவருடைய பையைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் வருவது பையிலிருந்து இல்லை என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டான். பஸ்ஸில் கண்டக்டர், கூட யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். கம்பிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவி ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, நான் தனியாக வந்தேன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

முதல் சில மாதம் கம்பிக்காரருக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வீடு வந்த பிறகு, அவர் எதையாவது செய்கிறபோதெல்லாம் அது எழுந்தது. காலையில் பல் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால் கைதட்டல். முகச்சவரம் முடித்துக் கன்னத்தைத் தடவினால் கைதட்டல். தப்பாக மாட்டின பட்டனைக் கழற்றிச் சரியான துளையில் மாட்டினால் தனியாக ஒரு சுற்று. தட்டைக் கைதவறிப் போட்டு உடைத்தால்கூட முந்நூற்று நாற்பது பேரும் மனசாரத் தட்டினார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தார். தும்மினால்கூட ஒரு பக்கமாகத் திரும்பி லேசாகத் தலைகுனிந்தார். டீச்சர் பொறுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தண்ணீர்க் குழாயை மூடியதற்குக் கிடைத்த பாராட்டை ஏற்றுக்கொண்டு நின்றிருந்தபோது, டீச்சர் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "எல்லாரும் கையைக் கட்டு. வாயை மூடு. பேச்சு சத்தம் வரக் கூடாது" என்றார். கைதட்டல் சட்டென்று அடங்கியது. கம்பிக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குத் தெரிந்தது, டீச்சர் ஒருவர் சொல்லுக்கு மட்டும் அது கட்டுப்படும், அதுவும் ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம்தான். நாற்பத்தோராவது நிமிடம் மணி அடித்ததுபோல் மறுபடி கலகலவென்று எழும்.

படையிலிருந்து வந்த பிறகு அவருக்கு டெலிபோன் இலாகாவில் லைன்மேன் வேலை கிடைத்தது. கம்பத்தில் ஏறினால் கைதட்டல், இறங்கினால் கைதட்டல். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் லைன் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று வீட்டுக்குள்ளிருந்தே தெரிந்துகொள்ள முடிந்ததால், ஜனங்கள் இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள். தேர்தலுக்கு நின்ற ஒருவர், கூட்டம் சேராத கவலையில் கம்பிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி மேடையில் உட்காரவைத்தார். வேட்பாளர் ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசினார். ஒரு தட்டு விழவில்லை. கம்பிக்காரர் நடுவில் மூக்கைச் சொறிந்தபோது மைதானம் அதிர்ந்தது. வேட்பாளர் தோற்றார். மூக்குக்கு விழுந்த ஓட்டு எனக்கு விழவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மகள் பிறந்தாள். பிரசவ அறைக்கு வெளியே கம்பிக்காரர் ஒன்றும் செய்யாமல் நின்றதற்குக் கைதட்டல் கேட்டு, உள்ளே அரை உயிராகப் படுத்திருந்த டீச்சர், "யாருக்குத் தட்டறாங்க? அவருக்கா?" என்று கேட்டது அந்த ஆஸ்பத்திரியில் வெகுநாள் பேசப்பட்டது. அப்பா என்றால் கைதட்டலோடுதான் வருவார் என்று நம்பி அந்தப் பெண் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் சத்தமில்லாமல் வந்து நிற்பதைப் பார்த்து, பாவம், இவர்களுக்கு ஒன்றுமே இல்லையா என்று அம்மாவிடம் கேட்டாள். துக்க வீடுகளுக்குப் போவதைத்தான் கம்பிக்காரர் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தெருமுனை மளிகைக்கடைக்காரர் இறந்தபோது, மாலை வைத்துவிட்டு நிமிர்ந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை.

பத்து வருடம் போனதும் பெருமையெல்லாம் வடிந்து, கைதட்டல் அவரைக் குத்திக் காட்டுவதுபோல் இருந்தது. குறிப்பாக டீச்சரின் அண்ணன் வரும்போது. அவர் பக்கத்து ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொடுக்கிற வேலையில் இருந்தார். இடது காது கேட்காது. லீவு நாட்களில் தங்கையைப் பார்க்க வருவார், கம்பிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டதற்கு எழும் கைதட்டலைக் கேட்டுப் புன்னகைப்பார். அந்தப் புன்னகை போன பிறகு கம்பிக்காரருக்குச் சோறு இறங்காது. நான்காம் நாள் சண்டையில் கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

நடந்தது இதுதான். அப்போது இருவரும் ஒரே பிரிவில் கூட்டாளிகள். கம்பிக்காரர் அவரை மச்சான் என்று கூப்பிடுவார்; படையில் எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுகிற மச்சான்தான் அது. அவருடைய தங்கையை ஒரு லீவில் பார்த்ததிலிருந்து கம்பிக்காரருக்கு அந்த வார்த்தையை நிஜமாக்கிவிட வேண்டுமென்று ஆசை. நேருக்கு நேர் கேட்கத் தைரியம் வரவில்லை. நான்காம் நாள் காலை, மச்சான் முன்னணிக் குழியில் தனியாக டெலிபோனோடு உட்கார்ந்திருக்க, கம்பிக்காரர் பின்னாலிருந்து, இன்றைக்குச் செத்தாலும் கேட்டுவிட்டுச் சாவோம் என்று டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினார். "மச்சான், உன் தங்கச்சிய எனக்கு..." என்றபோது குண்டு விழுந்து கம்பி அறுந்தது. ஓடிப் போய்ச் சேர்த்தார். இரண்டாம் முறை கேள்வி முழுசாகப் போய்ச் சேர்ந்தது, பதில் வருவதற்குள் அறுந்தது. மூன்றாம் முறை ஹலோ மட்டும் சொல்ல முடிந்தது. நான்காம் முறை மச்சான், "டேய், அது இருக்கட்டும். ஆத்தைத் தாண்டி வர்றாங்க, நூத்தம்பது பேருக்குக் கொறையாது, கேப்டன்கிட்ட சொல்லு" என்றார். கம்பிக்காரர் சொன்னார். பீரங்கிகள் ஆற்றுப் பக்கம் திரும்பின. முன்னணிக் கம்பெனியில் மிச்சமிருந்த நாற்பத்து மூன்று பேரும் உயிரோடு பின்வாங்கி வந்தார்கள். மச்சான் மட்டும் குழியை விட்டு நகராமல் எதிரி எங்கே நிற்கிறான், எங்கே ஓடுகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் முறை, "நீ கேட்டதுக்கு என் பதில்..." என்றதோடு அறுந்தது. கம்பிக்காரர் அந்த முறை எப்படி ஓடினார் என்பதைப் பார்த்த கேப்டன்தான் பதக்கத்துக்கு எழுதினார். கம்பியைச் சேர்த்துவிட்டு மூச்சிரைக்கக் கேட்டபோது பதில் வந்தது. "எனக்கென்னடா தெரியும்? அவளையே கேளு." அடுத்த நிமிடம் குழிக்குப் பக்கத்தில் விழுந்த குண்டு மச்சானின் காதைக் கொண்டுபோயிற்று.

பாராட்டுரையில் 'முன்னணியிலிருந்து வந்த தகவல்' என்று இருந்தது, தகவல் தானே காலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வந்ததுபோல. மச்சானின் பேர் எங்கேயும் இல்லை. காது கேட்காது என்று அவரைப் படையிலிருந்து அனுப்பிவிட்டிருந்ததால் கேட்பாரும் இல்லை. சொல்லிவிடலாம் என்று கம்பிக்காரர் பல தடவை நினைத்தார். சொன்னால் எதற்கு ஓடினாய் என்ற கேள்வி வரும். டீச்சரின் காதில் விழும். வீரன் என்று நினைத்துக் கழுத்தை நீட்டியவள் என்ன நினைப்பாள்? ஆகவே மச்சானிடம், யாரிடமும் சொல்லாதே, மானம் போய்விடும் என்று ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டார். மச்சான் பத்தொன்பது வருடம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்.

பத்தொன்பதாம் வருடம் டிவிஷனிலிருந்து கடிதம் வந்தது. இந்த ஆண்டுச் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் விழாவுக்குப் பழைய பதக்கக்காரர் என்ற முறையில் அவர் சிறப்பு விருந்தினராக வர வேண்டும், வரும்போது தங்கள் கைதட்டலைத் தயவுசெய்து வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அது வீட்டில் தங்காது என்று இவர் பதில் போட்டார். ஒரு இளம் கேப்டன் நேரில் வந்து, டீச்சர் அதட்டுவதையும் அது அடங்குவதையும் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் டீச்சருக்குத் தனியாக ஓர் அழைப்பு வந்தது, ஒலிக் கட்டுப்பாட்டு அதிகாரி என்ற பதவியோடு, முன்வரிசை இருக்கையோடு. குடும்பத்தார் என்ற முறையில் அண்ணனுக்குக் கடைசி வரிசையில் ஓர் இடம் கொடுத்தார்கள்.

அன்று தூறலாக இருந்தது. கூட்டம் கையில் குடையோடு உட்கார்ந்திருந்தது. குடை பிடித்தவர்கள் கைதட்ட முடியாது என்பதை விழா ஏற்பாடு செய்தவர்கள் யோசிக்கவில்லை. முதலில் வந்தவர், கண்ணிவெடி நிலத்தில் நுழைந்து நான்கு பேரை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தவர். ஒரு கால் முழங்காலோடு போயிருந்தது. ஊன்றுகோலை ஊன்றி மேடையேறிப் பதக்கம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டுத் தட்டுதான் விழுந்தது. சிலர் குடைக்காம்பில் தட்டிப் பார்த்தார்கள். அந்த மனிதர் கொஞ்சம் நின்று, இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்துவிட்டு, வராது என்று தெரிந்ததும் அதற்காக வெட்கப்பட்டவர்போல வேகமாக இறங்கப் பார்த்தார். இறங்குகிற இடத்தில் ஊன்றுகோல் வழுக்கியது. கம்பிக்காரர் எழுந்து அவர் முழங்கையைப் பிடித்தார். அவ்வளவுதான், டீச்சரின் நாற்பது நிமிடம் முடிய இன்னும் நேரமிருந்தும், முந்நூற்று நாற்பது ஜோடிக் கைகளும் கட்டவிழ்ந்து கம்பிக்காரருக்காக இடிஇடியென்று தட்டின. கால் இல்லாதவர் அதைத் தனக்கென்று நினைத்து ஒரு கணம் முகம் மலர்ந்தார். பிறகு விஷயம் தெரிந்தவர்போல, "அண்ணே, உங்களுக்குத்தான்" என்று சிரித்துவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

கம்பிக்காரர் உட்காரவில்லை. நேராக மைக்குக்குப் போனார். அவர் பேச வேண்டியது கடைசியில். அதற்கு டிவிஷன் அலுவலகமே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தது. அவர் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கைதட்டலுக்கு மேலே குரலை உயர்த்தி, சண்டையில் நடந்ததை உள்ளது உள்ளபடி சொன்னார். ஓடியது நாட்டுக்காக என்று சொல்ல ஆசைதான், ஆனால் பெண் கேட்பதற்காக ஓடினேன் என்றார். ஐந்து முறையும் அதற்குத்தான். எதிரி வருவதைச் சொன்னது நானில்லை, என் மச்சான். நாற்பத்து மூன்று பேரைக் காப்பாற்றியது அவன் வாய், என் கால் இல்லை. காது போகும்வரை அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "அவன் பேரை நான் சொல்லல. என் பொண்டாட்டிக்குப் பயந்துகிட்டு சொல்லல. குண்டுக்குப் பயப்படல, இதுக்குப் பயந்துட்டேன்" என்றார்.

கைதட்டல் நின்றது.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, டீச்சர் அதட்டாமலே அது நின்றிருந்தது. கம்பிக்காரருக்குத் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. கொடிக்கம்பத்தில் கயிறு மோதுவது கேட்டது. தன் மூச்சு இவ்வளவு சத்தமாக வருமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெனரல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் டீச்சர் எழுந்து நின்றார். ஒன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சுவரை போகிற குரல் அவருடையது, மைக் தேவைப்படவில்லை.

"ஏங்க, குண்டுக்குள்ள அஞ்சு தடவை ஓடத் தெரிஞ்சுதில்ல? அப்புறம் எங்க வீட்டுக்கு மூணு தடவை வந்து, மூணு தடவையும் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வாயைத் தொடச்சிக்கிட்டுத் திரும்பிப் போனீங்களே, அது எதுக்கு? நாலாவது தடவை நானா கேக்கலைன்னா இன்னிக்கு வரைக்கும் தண்ணிதான குடிச்சிட்டு இருந்திருப்பீங்க?"

கம்பிக்காரர் ஆமாம் என்று மைக்கில் சொன்னார். டிவிஷன் சிரித்தது. ஜெனரலும் சிரித்தார், பிறகு சிரிக்கலாமா என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை. "என் அண்ணனை இத்தனை வருஷம் ஒரு மூலையில உக்கார வெச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். கம்பிக்காரருக்கு மேடையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையில் கைதட்டல் எழுந்தது. முந்நூற்று நாற்பது ஜோடி, அதில் ஒன்று தாளம் தப்பி. சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதேதான். டீச்சரின் அண்ணன் கேட்கிற காதைத் திருப்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பின்னால் சுவர். "யாருக்குப்பா தட்டறாங்க?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவர் விரலால் இவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அண்ணன் எழுந்தார், கைதட்டல் கூடியது. திரும்ப உட்கார்ந்தார், இன்னும் கூடியது. என்ன செய்தாலும் கூடுகிறது என்று தெரிந்ததும், கையை எங்கே வைப்பதென்று புரியாமல் பக்கத்து ஆளிடமே குடையைக் கொடுத்து வாங்கினார். மேடைக்குக் கீழே போய் நின்றிருந்த ஒற்றைக்கால்காரர் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு தானும் தட்டினார். அதைப் பார்த்துக் கூட்டம் குடைகளை மடக்கிக் கீழே போட்டது. அன்று நனைந்துகொண்டே தட்டினார்கள், கடைசி ஆள்வரை, அந்த ஆண்டுப் பதக்கக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும். அந்தக் கைதட்டல்கள் அந்தந்த ஆளுக்கு விழுந்து, அந்தந்த இடத்தில் ஒழுங்காக நின்றன.

திரும்பி வந்த பஸ்ஸில் டீச்சர் பாதி தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ஜன்னலிலிருந்து திரும்பாமல், "கேளுங்க" என்றார். என்ன கேட்க வேண்டும் என்றார் கம்பிக்காரர். "அண்ணன் அன்னைக்கே சொன்னான்ல, என்னையே கேளுன்னு. கேளுங்க." கம்பிக்காரர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டார். அவர் குரலுக்குப் பிறகு ஒரு தட்டுகூட விழவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் டீச்சர். மகள் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அவ்வப்போது கம்பிக்காரர் நினைவுபடுத்துவார்; அவசரப்படுத்தினால் எப்படி என்பார் டீச்சர்.

டிவிஷன் விசாரணை வைத்து, மூன்று வருடம் கழித்து அண்ணனுக்கும் பதக்கம் அனுப்பியது. பேரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. அவர் திருப்பி அனுப்பவில்லை. கைதட்டல் மட்டும் விழா முடிந்ததுமே அவரோடு நூலகத்துக்குப் போயிருந்தது. முதல் மாதம் வாசகர்கள் முகம் சுளித்தார்கள். நூலகர் மேலிடத்துக்கு எழுதி, இது இடமாற்றத்தில் வந்ததா, நன்கொடையாக வந்ததா என்று விளக்கம் கேட்டார், பதில் வரவில்லை. பிறகு, உயரமான அலமாரியிலிருந்து தங்களுக்கு வேண்டிய புத்தகத்தை அண்ணன் எடுத்துத் தரும்போது எழுகிற அந்தப் பாராட்டில் கொஞ்சம் தங்கள் பக்கமும் சிந்துவதாக வாசகர்களுக்குத் தோன்ற ஆரம்பித்தது. பாதியில் விட்ட தடித்த புத்தகங்களைக்கூட ஜனங்கள் முடித்துத் திருப்பினார்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றரை மடங்கானது. அந்த ஆண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்தபோது, பலகைகளையும் புதிதாக எழுதினார்கள். வாசிப்பறைப் பலகையில் இன்றைக்கும் இருக்கிறது: அமைதி காக்கவும். இங்கே கேட்கும் கைதட்டல் நூலக ஊழியருடையது.